பஞ்சு வச்ச காது

வயரச் சுருட்டாதீங்க முத்துமாலை அண்ணாச்சி, செத்த பொறுங்க. பக்கத்து வீட்டுக்காரிதான், கமர் நிஷா. நேத்து கல்யாணத்துல பாட்டுப் பெட்டிய அந்தப் பக்கம் திருப்பச் சொல்லி உங்ககூட மல்லுக்கு நின்னேன்லா, அவதான். இல்ல இல்ல, இன்னைக்குச் சண்டைக்கு வரல.

ஆங்? உங்களுக்கு அந்தக் காது மந்தமோ? அப்ப இந்தப் பக்கம் வாரேன். உரக்கப் பேச முடியாது, எங்க மாமி வாசல்ல மீன் வாங்கிட்டு நிக்காங்க. அவங்களுக்குப் பாம்புச் செவி. ஏன் அண்ணாச்சி, இத்தன வருசமா பெட்டி பக்கத்துலயே நிக்குதீய, காதுல எதையாவது வச்சுக்கிடக் கூடாதா? சிரிக்காதீங்க. போன காது கடையிலயா கிடைக்கும்?

என் மவ இருக்கால்லா, ஒன்றர வயசு. அவ காத நான் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். குளிப்பாட்டிட்டு மாமி எண்ணெய் ஊத்த வந்தா கையத் தட்டிவிட்டுருவேன். கோழி இறக விட்டுச் சுத்தம் பண்ணுதேன்னு வந்தவள வாசலோட அனுப்பிட்டேன். ஊர் உலகத்துல இல்லாத புள்ளயப் பெத்துட்டாளாக்கும்னு ஏச்சு. ஏசட்டும்னு இருந்தேன்.

நேத்தும் அப்படித்தான். நீங்க பெட்டியத் திருப்ப மாட்டேன்னுட்டீய. புள்ள காது ரெண்டுலயும் பஞ்ச வச்சு மடியில போட்டுக்கிட்டேன். பாட்டு வந்ததும் அங்கன கிடந்த புள்ளயெல்லாம் வீல்னு கத்துச்சு. எம்புள்ள அசையல, தூங்குதா. பஞ்சு வச்சிருக்கா பாத்தியாடி, வெவரமானவதான்னாங்க எல்லாரும். எனக்கும் பெருமதான், ஏன் பொய் சொல்லணும்.

வீட்டுக்கு வந்து பஞ்ச எடுக்கப் பாத்தா, காதுல இல்ல. என் நாத்தனா சபீதா சொல்லுதா, பாட்டுப் போடுததுக்கு முன்னாலயே புள்ள பிச்சு எறிஞ்சிட்டா, நான்தான் பொறுக்கி உன் பையில போட்டேன்னு.

அசதித் தூக்கமா இருக்கும்னுதான் நானும் நெனச்சேன். காலைல முழிச்சதும் பின்னால நின்னு தாம்பாளத்தத் தட்டுனேன். திரும்புனா. போன உசுரு வந்துச்சு. அப்புறம் பாக்கேன், என் நிழலு அவ முன்னால சுவத்துல ஆடுது. நிழலப் பாத்தாளா, சத்தத்தக் கேட்டாளா? இன்னும் உம்மான்னு ஒரு சொல் வரல. கேட்டா, அவ வாப்பாவும் மூணு வயசுலதான் பேசுனான்னு மாமி சொல்லுதாங்க. அவரு துபாய்ல இருந்து போன் பண்ணி, புள்ள என்ன சொல்லுதாங்காரு. நான் என்னத்தச் சொல்ல?

டாக்டர்ட்ட போவேன் அண்ணாச்சி, இன்னைக்கே போவேன். எனக்குத்தான் அதுவரைக்கும் பொறுக்கல. மாடியில கட்டுன கொழா ஸ்பீக்கர இன்னும் அவுக்கலல்லா? அது எங்க வீட்டுக்குள்ள இருந்து கண்ணுக்குத் தெரியாது, நிழலும் விழாது. பாட்டு வேண்டாம். நேத்து மாதிரி அலற விட்டுராதீங்க, ஒருவேள கேக்குத காதா இருந்துட்டா?

அவ பேரு இஷ்ரத். நான் போயி அவள உக்கார வச்சிட்டு சன்னல்ல இருந்து கையக் காட்டுதேன். மைக்ல பைய ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்பிடுங்க.

மாமிக்கா? கேக்கட்டும் அண்ணாச்சி. இந்தத் தெருவுக்கே கேக்கட்டும். அவளுக்குக் கேக்குதான்னு மட்டும் நான் பாத்துக்கிடுதேன்.