வடக்கு மூலையில் ஒரு நாணயம்

ஆயுசு முழுக்கக் குந்தி உட்கார்ந்து மண்ணைச் சுரண்டினால் முழங்கால் என்னத்துக்கு ஆகும்? இந்த நாற்காலி கொஞ்சம் தாழ்வு, சார். எழுந்திருக்கும்போது மட்டும் ஒரு கை கொடுங்கள். மற்றபடி எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பழைய நகரங்களைத் தோண்டப் படித்தேன். கொன்று புதைக்கப்பட்டவர்களை உங்கள் போலீஸ் துறைக்காகத் தோண்டப் பிழைப்பு அமைந்தது. மண் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். ஒருமுறை வெட்டி மூடினால், எத்தனை வருஷம் ஆனாலும் வெட்டின ஓரம் நிறம் மாறித் தெரியும். அதைப் பார்த்துக் குழியின் வடிவத்தைச் சொல்வோம். எலும்பு கிடக்கிற கிடையைப் பார்த்து ஆளை எப்படிக் கிடத்தினார்கள் என்று சொல்வோம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

அக்கா புருஷன் நல்ல மனுஷன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். குடி கிடையாது, அக்காவை ஒரு சுடுசொல் சொன்னது கிடையாது. என்னை ‘எலும்பு’ என்றுதான் கூப்பிடுவார். வாசலில் என் செருப்பைப் பார்த்தாலே, “எலும்பு வந்தாச்சு, சாப்பாட்டை ஒளிச்சு வை” என்று உள்ளே குரல் கொடுப்பார். அக்கா சிரிப்பாள். அவர் கேலியில் விஷமே இருக்காது, நானும் சிரித்துவிடுவேன்.

அம்மா போனபோது எனக்கு நடக்கத் தெரியாது. அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அவள் படிப்பை விட்டதால்தான் நான் படித்தேன். கல்யாணம் ஆன பிறகும் அடுத்த தெருவில்தான் குடியிருந்தாள். தினம் ஒருதரம் அவள் முகத்தைப் பார்க்காமல் நான் தூங்கியதில்லை. இது அத்தானுக்கும் தெரியும்.

ஊரோரத்தில் அக்கா பெயரில் ஒரு காலி மனை இருந்தது. அதை விற்கப் போகிறோம், வாங்குகிறவர் மண் கெட்டியா என்று கேட்கிறார், ஒரு குழி போட்டுப் பார்த்துச் சொல் என்று அத்தான் என்னை அழைத்துப் போனார். விடுமுறை நாள், நல்ல பகல். எப்போதும் போலக் கயிறு கட்டி, மூலை பிசகாமல் நீளவாக்கில் வெட்டினேன். மேல்மண்ணை ஒரு பக்கம், அடிமண்ணை ஒரு பக்கம் என்று பிரித்துக் கொட்டினேன். காய்கறிக் கடைக்காரி மாதிரி தரம் பிரிக்கிறாயே என்று அத்தான் கேலி செய்தார்.

இடுப்பளவு ஆழம் போனதும் அடிமண்ணைத் தொட்டுப் பார்க்க அவரே உள்ளே இறங்கினார். குனிந்தபடிதான் சொன்னார். வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டதாம். அக்காவையும் அழைத்துக்கொண்டு அடுத்த மாதம் கிளம்புகிறாராம்.

“அவளுக்கு உங்கிட்ட சொல்ல வாய் வரல. நீதான் சிரிச்ச முகமா அனுப்பி வைக்கணும்.”

எனக்குக் கோபம் வரவில்லை, சார். பயம்தான் வந்தது. அக்கா இல்லாத தெருவில் நான் எப்படி நடப்பேன் என்றுதான் நினைத்தேன். கையில் மண்வெட்டி இருந்தது. ஒரே அடி. மடிந்து உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். மல்லாக்கப் படுக்கவைத்து, காலை நீட்டி, இரண்டு கைகளையும் உடம்போடு சேர்த்து வைத்தேன். அலங்கோலமாக விட மனசு ஒப்பவில்லை. அடிமண்ணை முதலிலும் மேல்மண்ணைக் கடைசியிலும் போட்டு மூடினேன்.

உங்கள் ஆட்களும் தேடினார்கள். கிடைக்கவில்லை. அக்கா என் வீட்டுக்கே வந்துவிட்டாள். அடையாளம் தெரியாத எலும்பு எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும்போதெல்லாம் வாசலில் வந்து நிற்பாள். “அவராடி?” என்பாள். நான் பல்லைப் பார்த்து, தொடையெலும்பை அளந்து, அதற்குப் பிறகுதான் இல்லை என்பேன். அளக்காமல் ஒருநாளும் சொன்னதில்லை.

காத்திருந்து காத்திருந்து அவள் உருகிப் போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவருக்கு வேறு யாராவது இருந்திருக்கலாம் என்று மெல்லச் சொல்லிவைத்தேன். முதலில் என்னை அடிக்க வந்தாள். பிறகு நம்பினாள். வாய்க்கு வாய் அவரைத் திட்டத் தொடங்கினாள், படங்களைக் கிழித்தாள், ஒரேயடியாகத் தலைமுழுகினாள். அதற்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள். நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

மனையை விற்கலாமா என்று அவள் பேச்செடுக்கும்போதெல்லாம், பிற்காலத்துக்கு ஆகும் என்று தட்டிக்கழித்துவிடுவேன். போன மாதம் காதும் காதும் வைத்தாற்போல விற்றுவிட்டாள். என் முழங்கால் ஆபரேஷனுக்காக. சொன்னால் தடுப்பேன் என்று எனக்குத் தெரியாமல் முடித்திருக்கிறாள். அஸ்திவாரம் தோண்டின ஆட்கள் எலும்பைப் பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிட்டார்கள். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதனால் பூனை போனாள்.

பூனை என்பது என்னோடு வேலை பார்க்கிறவள். நடந்தால் சத்தமே கேட்காது, அதனால் அந்தப் பெயர். மறுநாள் என் கட்டிலருகே வந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை வைத்தாள். உள்ளே ஒரு நாணயம்.

தோண்டின குழியை மூடுவதற்கு முன்னால் அடியில் அந்த வருஷத்து நாணயம் ஒன்றைப் போடுவது எங்கள் வழக்கம். பின்னாடி யாராவது தோண்டினால், இன்ன காலத்தில் இங்கே ஆள் வந்துபோயாச்சு என்று தெரியட்டும் என்றுதான். ஆளுக்கொரு இடம் உண்டு. நான் வடக்கு மூலையில், வருஷம் மேலே தெரிகிறபடி வைப்பேன். அன்றைக்கு வைத்தது நினைவிலேயே இல்லை. கைப்பழக்கம். செத்தவர் பையிலிருந்து விழுந்த காசு என்று உங்கள் ஆட்கள் விட்டுவிட்டார்கள்.

“பையிலேர்ந்து விழுற காசு மூலை தேடிப் போகாது,” என்றாள் பூனை. “நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க.” அவள் கண் சிவந்திருந்தது. பாவம், சாப்பிட்டிருக்க மாட்டாள்.

நீங்கள் காட்டிய படத்தில் அவர் வலது கை மடங்கி முகத்தின் மேல் இருக்கிறது. அதை அப்படி வைத்தது நான் இல்லை. மண் இறங்கும், எலும்பு கொஞ்சம் நகரும். ஆனால் ஒரு கையைத் தூக்கி முகத்தை மூடவைக்காது. ஆமாம், மூடும்போது உயிர் இருந்தது. ஒரு முனகல் கேட்டது. பாதியில் நிறுத்தினால் அடுக்கு குழம்பிவிடும் என்றுதான் அப்போது தோன்றியது. தொடர்ந்து போட்டேன்.

நேற்று அக்காவை உள்ளே விட்டீர்கள், நன்றி. நீங்கள் இருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தாள். மூடும்போது உயிர் இருந்ததா என்று அவளும் கேட்டாள். இருந்தது என்றேன். அவளிடம் எதை மறைப்பது?

“இத்தனை வருஷமா என் வாயாலயே அவரைத் திட்ட வச்சியேடி,” என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள்.

இருக்கட்டும், சார். கோபம் ஆற நாளாகும். ஆறினதும் வருவாள். அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.