கீல் பக்கம்

கதவு என்றால் எல்லோரும் கைப்பிடிப் பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள், சார். குழந்தையின் விரலுக்கு ஆபத்து அதற்கு எதிர்ப்பக்கத்தில், கீல் பக்கத்தில். கதவு திறந்திருக்கும்போது அங்கே ஓர் இடுக்கு விழும். பிஞ்சு விரல் அளவெடுத்தது மாதிரி அதற்குள் போகும். அந்த இடுக்கை மேலிருந்து கீழ்வரை மூடி வைக்க மடிப்பு மடிப்பாக ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கிறது. நான் தச்சன். பதினாறு வருடமாக அதை வீடு வீடாக மாட்டுகிறேன். நான் பட்டை மாட்டிய கதவில் இதுவரை ஒரு குழந்தைக்கு நகம்கூடக் கீறியதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பையில் எப்போதும் நாலைந்து கேரட் வைத்திருப்பேன். இடுக்கில் ஒன்றை நுழைத்துக் கதவை லேசாகத் தள்ளினால் போதும், இரண்டு துண்டு. அம்மாக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அப்பாக்கள் சிரிப்பார்கள். கேரட் அண்ணன் என்றுதான் எனக்குப் பெயர். அது ஒடியும் சத்தம் எனக்கு மட்டும் வேறு மாதிரி கேட்கும். ஆனாலும் ஒரு நாளைக்கு மூன்று முறையாவது அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இது பதினாறு வருடத்துக்கு முந்தின கதை. என் மகளுக்கு அப்போது நாலு வயது. இடது கை மோதிர விரல். அன்று வீட்டில் எனக்கும் மனைவிக்கும் பேச்சு கொஞ்சம் முற்றிவிட்டது, இல்லை என்று சொல்லவில்லை. நான் அறையை விட்டு வெளியே வந்தேன், பின்னாலேயே கதவு அடித்துக்கொண்டது. காற்று. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடித்ததும் குழந்தை என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"கதவு ஏம்ப்பா அவ்ளோ கோவமா இருந்துச்சு?"

"காத்துடா கண்ணு," என்றேன்.

மனைவி பக்கத்தில்தான் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் எல்லாக் கதவையும் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். தச்சன் வீட்டில் திரைச்சீலை தொங்குகிறதே என்று அக்கம்பக்கத்தில் இன்றைக்கும் கேலி செய்வார்கள். அவள் இந்தப் பதினாறு வருடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பட்டை வேண்டாம் என்று சொல்பவர்கள் நிறைய. "எங்க புள்ள சமர்த்து, கதவுகிட்டயே போகாது" என்பார்கள். நான் வற்புறுத்தமாட்டேன். ஆனால் கதவு தரையில் உரசுகிறது, தாழ்ப்பாள் விழவில்லை என்று அதே வீட்டார் பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். அப்போது கீலைக் கழற்றி, அதன் பின்னால் தீப்பெட்டி அட்டையை மடித்து வைத்து, மறுபடி திருகிவிடுவேன். அவ்வளவுதான். விட்ட இடத்தில் நிற்கும் கதவு அதற்குப் பிறகு நிற்காது, தானாகவே சாத்திக்கொள்ளப் போகும். ஜன்னல் திறந்திருந்தால், காற்றில் அது அடித்துச் சாத்திக்கொள்கிற வேகமே வேறு. எல்லா வீட்டிலும் செய்யவில்லை. என் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளாத ஐந்து வீட்டில் மட்டும் செய்தேன்.

பிறகு போன் வரும். போய், யாரும் பார்க்காதபோது அட்டையை எடுத்துவிட்டுப் பட்டையை மாட்டிக் கொடுப்பேன். முதல் வீட்டில் நகத்தோடு போயிற்று. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் விரல் நுனி. நாலாவது வீட்டில் எலும்பு முறிவு, அது கூடிவிட்டது. நான்கு குழந்தைகளுக்கும் இனி கதவால் ஆபத்து இல்லை. யார் தப்பு என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னார்கள். "காத்துண்ணே. கண்ணிமைக்கிற நேரத்துல அடிச்சிடுச்சு." உண்மையைச் சொன்னால், அதைக் கேட்கும்போது எனக்கு மனசு லேசாகும். நாலு வீட்டில் காற்று செய்வதை என் வீட்டில் மட்டும் செய்யாதா என்ன?

ஐந்தாவது வீட்டுப் பெண்தான் கணக்கைக் குலைத்தாள். நல்ல மாதிரி. வேலை முடியும்வரை இரண்டு முறை டீ கொடுத்தாள். பட்டையைப் பற்றிச் சொன்னதற்கு மட்டும், "அடுத்த மாசம் பாக்கலாம்ணே," என்றாள். அட்டையை வைத்துவிட்டு வந்தேன். எட்டாம் நாள் அவள் கணவர் போன் செய்தார்.

நான் போனபோது குழந்தை கையில் கட்டோடு அவர் மடியில் இருந்தாள். இரண்டு வயது. அந்தப் பெண் அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"காத்தாம்மா?" என்று கேட்டேன். முதல் முறையாக நானே கேட்டேன்.

"இல்லண்ணே. நான்தான். அவரோட சண்ட. கோவத்துல சாத்திட்டேன்."

"காத்தாத்தான் இருக்கும்மா."

"என் கைதாண்ணே. லேசாத்தான் தள்ளினேன், எப்படி அவ்ளோ வேகமாப் போச்சுன்னு தெரியல. இப்போ அவளத் தூக்கவே பயமா இருக்கு."

கணவர் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவளை அவளுடைய அம்மா வீட்டுக்கு அனுப்பப்போவதாகவும் குழந்தை தன்னிடமே இருக்கட்டும் என்றும் என்னிடம் சொன்னார், நாற்காலியை நகர்த்துவது பற்றிப் பேசுகிற மாதிரி. அவள் அதற்கும் தலையாட்டினாள். நான் கீலைக் கழற்றி அட்டையை எடுத்தேன். திருகாணி இரண்டு முறை கீழே விழுந்தது. அதற்கப்புறம் எந்த வீட்டிலும் என்னால் கேரட்டை ஒடிக்க முடியவில்லை. இடுக்கில் வைத்தாலே, "என் கைதாண்ணே" என்று அவள் குரல் கேட்கிறது.

அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். ஐந்து அட்டையும் இதோ மேசையில் இருக்கின்றன. ஓரம் புதிதாக இருப்பது அவள் வீட்டுடையது. அந்த வேகம் அவள் கையிலிருந்து வந்ததில்லை, இந்த அட்டையிலிருந்து வந்தது. இன்றைக்கே யாரையாவது அனுப்பி அவளிடமும் அவள் கணவரிடமும் சொல்லச் சொல்லுங்கள். அவள் குழந்தையைத் தூக்கட்டும். என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

என் வீட்டுக் கதவிலும் அட்டை இருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை சார், அது நானே இழைத்து மாட்டிய கதவு. விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். அன்று காலையிலிருந்து மழை. சாரல் அடிக்கிறது என்று ஜன்னல்களையெல்லாம் நான்தான் சாத்தி வைத்தேன். இருந்தாலும் அங்கே மட்டும் காற்று என்றே எழுதிக்கொள்ளுங்கள்.