ஏழாவது பெட்டி

அக்கா: ...உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. பதினோரு மணிக்கு மேனேஜரோட மீட்டிங். இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு.

தம்பி: போடறேன்க்கா. பேனா எங்க?

அக்கா: கண்ணு முன்னாடிதான் கிடக்கு. முதல்ல அட்டவணையைப் படி.

தம்பி: நான் பாறையைப் பார்க்கிறவன். கட்டம் போட்டுச் சுரங்கத்துக்குத் திட்டம் போடறது உன் வேலை.

அக்கா: ரெண்டு முறை இருக்கு. தாதுவை வெட்டி எடுத்துட்டு உள்ள காலியாவே விடறது ஒண்ணு. வெட்ட வெட்ட மணலும் சிமென்ட்டும் போட்டு நிரப்பிக்கிட்டே வர்றது இன்னொண்ணு. செலவு, வேகம், தாது வீணாகாம இருக்கிறது, ஆள் பாதுகாப்பு, பாறை உறுதி... எதுக்கு எவ்வளவு வெயிட்டேஜ்னு அஞ்சு பேர் உக்காந்து பேசி முடிச்சாச்சு. அதை இனி மாத்த முடியாது.

தம்பி: எனக்கே பாடமா?

அக்கா: மொத்தத்தைப் பார். காலியா விடறது எழுபத்தொண்ணு. நிரப்புறது அறுபத்தொம்பது.

தம்பி: ஜெயிச்சது ஜெயிச்சதுதானே.

அக்கா: ரெண்டே மார்க்குல. பாறை உறுதிக்குப் பத்துல நீ போட்ட எட்டுதான் அதைத் தூக்கி நிறுத்தியிருக்கு.

தம்பி: மாப்பிள்ளை பார்த்தப்பவும் நீ இப்படித்தான் கட்டம் போட்டே. மாமாவுக்குப் பொறுமைக்கு மூணு, பொய் பேசாததுக்குப் பத்து...

அக்கா: பேச்சை மாத்தாதே. எட்டு எப்படி வந்துச்சு?

தம்பி: துளை போட்டு எடுத்த கல்லை அளந்துதான். எத்தனை துண்டு உடையாம நீளமா இருக்குன்னு பார்த்து... இன்னைக்கு நேத்தா செய்யறேன்?

அக்கா: அந்தக் கல்லை அடுக்கி வெச்ச எட்டுப் பெட்டியும் பார்த்தியா?

தம்பி: எட்டும்.

அக்கா: ஏழாவது பெட்டியில இருக்கிறதுதான் சுரங்கத்துக் கூரையா நிக்கப் போற கல்லு. அதுல நீளமா எத்தனை?

தம்பி: இருந்துச்சு...

அக்கா: எத்தனைடா?

தம்பி: எல்லாம் துண்டு துண்டாத்தான் கிடந்துச்சு. ஆனா அது துளை போடற மெஷின் உடைச்சது. மெஷின் உடைச்சதை ஒட்டவெச்சு முழுசாத்தான் எண்ணணும். அதுதான் வழக்கம், உனக்கே தெரியும்.

அக்கா: மெஷின் உடைச்சதுன்னு கல்லு வந்து சொல்லுச்சா?

தம்பி: ஓட்டினவர் சொன்னார்.

அக்கா: யாரு ஓட்டினது?

தம்பி: அக்கா, மணி ஆகுது...

அக்கா: யாருடா?

தம்பி: மாமாதான். உன் வீட்டுக்காரர். "அவசரத்துல அழுத்திட்டேன் மச்சான், பாறை நல்லாத்தான் இருக்கு"ன்னார்.

அக்கா: சரி, உனக்குக் கண்ணு எங்க போச்சு? மெஷின் உடைச்ச இடம் பளிச்சுன்னு இருக்கும். பாறை தானா பிளந்திருந்தா நடுவுல களிமண் இருக்கும்.

தம்பி: பார்த்தேன்.

அக்கா: என்ன இருந்துச்சு?

தம்பி: ...களிமண்.

அக்கா: அதைப் பார்த்துட்டுமா எட்டு போட்டே?

தம்பி: நிரப்புற முறை வந்தா வேகம் பாதியாயிடும். அவர் டீம்ல பன்னெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "யாரைப் போகச் சொல்றது, நீயே சொல்லு"ன்னார். மனசு கேக்கலைக்கா.

அக்கா: அந்தப் பன்னெண்டு பேரும் அந்தக் கூரைக்குக் கீழதானே நிப்பாங்க?

தம்பி: அதையும் கேட்டேன். "முதல் ஆளா நான்தானே உள்ள போறேன்"னார்.

அக்கா: முதல் ஆளா போனா அவர் தலையில விழாதா?

தம்பி: எனக்கு மட்டும் தெரியாதா? மூணு வாரமா சோறு இறங்கலை.

அக்கா: இப்போ சொல்லு. நியாயமா எத்தனை போடலாம்?

தம்பி: மூணு... மூணே ஜாஸ்தி.

அக்கா: பாறை உறுதிக்கு நூத்துக்கு இருபத்தஞ்சு வெயிட்டேஜ், அப்போ மொத்தத்துல பன்னெண்டரை குறையும். காலியா விடற முறை தோத்துடும். எட்டை அடிச்சிட்டு மூணுன்னு எழுது. பக்கத்துல கையெழுத்துப் போடு.

தம்பி: அந்தப் பன்னெண்டு பேர்?

அக்கா: நிரப்புறதுக்கும் ஆள் வேணும்ல? அதுக்கு நான் மீட்டிங்ல சண்டை போடறேன். நீ எழுது.

தம்பி: இன்னைக்குத் தேதியும் போடணுமாக்கா?

அக்கா: போடணும். எழுது.

தம்பி: ...போட்டாச்சு. இனி மாமா மூஞ்சில எப்படி முழிப்பேன்? இவ்வளவு தெரிஞ்ச நீ, அந்தப் பெட்டியை ஒரு தடவை போய்த் திறந்து பார்த்திருக்கக் கூடாதா?

அக்கா: ஞாயித்துக்கிழமையே போய்ப் பார்த்துட்டேன்டா. அந்தக் களிமண் நகத்துக்குள்ள ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வந்துச்சு. கையைக் கழுவிட்டு அவருக்குச் சாப்பாடு போட்டேன், ஒரு வார்த்தை கேக்கலை. புருஷனைக் காட்டிக்குடுக்கிற வாய் என்னோடதா இருக்க வேண்டாம்னுதான் இவ்வளவு நேரம் உன் வாயைக் கிளறினேன்.