அய்யா தவறிய நாளின் தாள்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கைநாட்டு என்று சிரித்த ஊரிலேயே கிணறு வெட்டினேன், மாடி வீடு கட்டினேன், மூன்று மகள்களையும் பட்டம் வாங்க வைத்தேன். இன்று காலை ராமேசுவரம் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் ஓர் அக்காளும் தம்பியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"என் போனு செத்து, அய்யா திதியையும் கொண்டு போச்சுக்கா. அதுலதான் குறிச்சு வச்சிருந்தேன். கீழ விழுந்ததும் இனி தொறக்காதுன்னுட்டான் கடைக்காரன்."

"இங்கிலீசு தேதிய வச்சு அடுத்த வாரம்னியேலே. உன்னைய நம்பியிருந்தா மொத வருசத் திதியே தப்பிருக்கும்."

"ஒனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"அய்யா போன அன்னைக்கு அழுதுக்கிட்டே காலண்டர்ல அந்தத் தாளக் கிழிச்சு முந்தியில முடிஞ்சுக்கிட்டேன். இந்தா, தேய்பிறை தசமின்னு போட்டிருக்கு பாரு. இன்னைக்குத்தான்."

தம்பி அதை இரண்டு கையாலும் வாங்கினான்.

"காலண்டர் யாருக்கா குடுத்தது?"

"யாரோ, முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்ல உரக்கடைக்காரரு."

அங்கே உரக்கடை ஒன்றுதான். அது என்னுடையது. அந்தத் திதி தப்பாமல் நடப்பதில் எனக்கும் பங்குண்டு. யாரோ என்று சொல்லக்கூடாது.