மூன்று விசைகள்

திரையில் நிறம் மாறிப்போனால் பெரும்பாலானவர்கள் முதலில் வயரைத்தான் ஆட்டிப் பார்ப்பார்கள். என் மனைவியும் அதைத்தான் செய்தாள்.

வயரில் ஒன்றும் இல்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கென்று கம்ப்யூட்டரில் ஒரு வசதி உண்டு. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் நிறங்கள் மாறும். மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். கால் சென்டரில் இரவு வேலை பார்த்தபோது போனிலேயே பலருக்கு இதைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். அந்த வேலையை விட்ட பிறகு வீட்டில் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவள் துணிக்கடை விளம்பரப் படங்களுக்கு நிறம் திருத்தினாள். வீடு அதில்தான் ஓடியது.

"என்னங்க, இந்தச் சட்டை சிவப்பாவா இருக்கு?"

"முதல்ல தண்ணி கொண்டா, பாக்கறேன்."

அவள் திரும்பி வருவதற்குள் மூன்று விசைகள். "சிவப்பாத்தானே இருக்கு. உனக்கு வேற மாதிரியா தெரிஞ்சுது?"

மறுநாள் நிறம் மறுபடி மாறியிருந்தபோது, திரையை அப்படியே கம்ப்யூட்டரிலேயே படம் பிடித்துத் தன் தம்பிக்கு அனுப்பினாள். அந்தப் படத்தில் இந்த மாற்றம் விழாது. போனில் எடுத்திருந்தால் மாட்டியிருப்பேன்.

"நல்லாத்தான்க்கா இருக்கு. மாமாவ ஒரு கண்ணாடி வாங்கித் தரச் சொல்லு" என்று அவன் சிரித்தான்.

அவள் திருத்திய முகங்கள் பச்சை பாய்ந்து அச்சாகி வந்தன. வேலை போயிற்று. கண்ணில் குறையே இல்லை என்றார் டாக்டர். "அப்ப கண்ணுல இல்ல, வேற எங்கயோ" என்று ஆட்டோவில் மெதுவாகச் சொன்னேன்.

அதன்பின் தக்காளி பழுத்ததா என்பதற்குக்கூட என்னைக் கூப்பிட்டாள். ஒருநாளும் நான் சலித்துக்கொண்டதில்லை.

தம்பிதான் கெடுத்தான். தன் அலுவலகத்தில் அவளுக்கு வேலை பேசிவிட்டான். "அங்க வேற கம்ப்யூட்டர்தானே, பாத்துடறேன்" என்றாள். அவள் முகத்தில் வெகுநாளுக்குப் பிறகு தெளிவு. வேறு கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

முதல் நாள் நானே கூட்டிப்போனேன். சாலையைக் கடக்கும் இடத்தில் சிக்னல் விளக்கைப் பார்த்து நின்றோம். வளைவுக்கு அப்பால் லாரியின் சத்தம் கேட்டது.

"எனக்குச் சிவப்பாத் தெரியுதுங்க."

"பச்சை" என்றேன்.

"பாத்தீங்களா, இன்னும் சரியாகல" என்று சிரித்துக்கொண்டே சாலையில் இறங்கினாள்.

நான் தள்ளவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். தன் கண்ணைவிட என் வார்த்தையை நம்பினாள். அவ்வளவு ஒற்றுமையான புருஷன் பெண்டாட்டியை நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள்.