மூச்சைத் துடைத்தவன்

தலைமை ஏற்றிருக்கும் பெருந்தகை துயிலோமா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, விசிறியாலேயே எனக்கு விடையளித்துக்கொண்டிருக்கும் மகளிர் குழுத் தாய்மார்களே, ஆப்பியா நகரின் கணினித் தோழர்களே, வணக்கம்!

நமது குடும்ப அஞ்சல் தளத்தைப் புதிதாக எழுதப்போகிறோம். "விரைவு வேண்டும், நம் தீவு மொழியில் எழுத்துக்கு நடுவே மேலே வரும் அந்தச் சிறு குறியைத் துடைத்துவிடலாம்" என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. அது குறியா? இல்லை. மூச்சு! தொண்டையில் ஒரு கணம் நின்று, கனவு கண்டு, பிறகு நடக்கும் மூச்சு!

யாரது, "வாழைப்பழம்" என்பது? உண்மைதான் ஐயா, அந்த மூச்சு போனால் வாழைப்பழம் என்னும் ஃப'இ, 'செய்' என்னும் ஃபயி ஆகிவிடும். சிரியுங்கள். நானும் ஒருநாள் சிரித்தவன்தான்.

ஏழாண்டுகளுக்கு முன் அந்தக் குறி வந்தாலே தளம் முரண்டு பிடித்தது. ஒரே வரி எழுதி, எல்லாச் செய்தியிலும் அதைத் துடைக்க வைத்தேன். பாராட்டினார்கள். மாலை போட்டார்கள். மயங்கிப்போனேன்.

அப்போது சவாயி தீவில் சியெனி என்றொரு தாய். கண் சிகிச்சைக்காக மகள் லூப்பேயை, ஆக்லாந்தில் வாழும் பிள்ளையில்லாத நாத்தனார் மரெத்தாவிடம் அனுப்பியிருந்தாள். சிகிச்சை முடிந்ததும் எழுதினாள்: "அவள் ல'உ தாமா. மறக்காதே." என் பிள்ளை என்று எழுதினாள். என் தளம் மூச்சைத் துடைத்தது. போய்ச் சேர்ந்தது "லவு தாமா". உன் பிள்ளை!

அவசரத்தில் விட்டிருப்பாள் என்று மரெத்தா நினைத்திருக்கலாமே என்கிறீர்களா? சியெனி ஞாயிறு பள்ளி ஆசிரியை. ஒரு குறிகூட விடாதவள். அதனால்தான் மரெத்தா நம்பினாள்.

மூன்று மாதம் கழித்து, சவாயி மகளிர் மன்றக் கணினியைப் பழுதுபார்க்க நான் போயிருந்தபோதே, தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினார்கள்.

"ஏன்டி இன்னும் அனுப்பல?"

"அண்ணி, நீங்கதானே உன் பிள்ளைன்னு எழுதுனீங்க? அவளுக்கு அறையில நீலச் சாயம் பூசிட்டேன். என்னை அம்மான்னு கூப்பிடுறா."

"நான் ல'உன்னுதான்டி எழுதினேன்."

அந்த நடுமூச்சு கேட்டது. கடல் கடந்து, தெளிவாகக் கேட்டது. பிறகு மரெத்தா மெல்லக் கேட்டாள்: "சனிக்கிழமை விமானம் பரவாயில்லையா அண்ணி?"

லூப்பே வந்துவிட்டாள். தாய் கட்டி அணைத்தாள், ஊர் விருந்து வைத்தது. நான்? நான் என்ன சொல்வேன்! ஒரு பெண்ணுக்குத் தாய்மையைத் தவறுதலாகக் கொடுத்து, தவறென்று பறித்தவன் நான். விமானத்தைக் காணும்போதெல்லாம், மேகத்துக்கு அப்பால் ஒரு நீல அறை எனக்குத் தெரிகிறது. கண்ணை மூடினாலும் தெரிகிறது.

தோழர்களே, விரைவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேகம் வரட்டும், வெற்றி வரட்டும், வெளிநாட்டு விருதும் வரட்டும்! ஆனால் 'என்' எது, 'உன்' எது என்று அறியாத வேகம் யாருக்கு? மன்னிப்புக் கேட்டு மரெத்தாவுக்கு ஆண்டுதோறும் எழுதுகிறேன். அந்த ஒரு வரியை அன்றே அழித்துவிட்டதால், குறிகளோடு எழுதுகிறேன். படித்ததாகக் காட்டுகிறது. பதில் மட்டும் இன்றுவரை வரவில்லை.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. தீர்மானத்துக்கு எதிராக முதல் கை என்னுடையது. வணக்கம்!