இடம் மாறிய சிவப்புச் சீட்டு

என் பெயர் எஃப்ரேன் சமானியேகோ. வயது 51. தகப்பனார் பெயர் லாசரோ. அரிசோனா மாநிலம் டூசான் நகரின் தென்பகுதியில் குடியிருக்கிறேன். இருபத்தாறு வருடமாக உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன். என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன், வக்கீலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தீயில் இறந்துபோன ஹசிந்தோ வால்தேஸின் மகளுக்கு நான்தான் ஞானத்தகப்பன். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். சென்ற மே மாதம் அவன் எலெக்ட்ரிக் கார் வாங்கினான். அதற்கு சார்ஜர் மாட்டித் தரச் சொன்னான். "அனுமதி கினுமதின்னு நகராட்சிக்கு அலையாத, நீயே வந்து முடிச்சு வுட்ரு" என்றான். நானும் சரி என்றேன்.

அதன்பின் ஒரு சனிக்கிழமை காலை போய் மேற்குச் சுவரில் இருந்த கரண்ட் பெட்டியைத் திறந்தேன். அதற்குள் எல்லா பிரேக்கருக்கும் கரண்ட் கொடுக்கும் உலோகப் பட்டை நூற்றிருபத்தைந்து ஆம்பியர் தாங்கும். தெருக் கரண்ட் உள்ளே வரும் மெயின் பிரேக்கர் மேல் முனையில் இருந்தது. மூன்று வருடம் முன்பு சோலார் பொருத்திய கீத் லுண்ட்கிரென், சோலார் பிரேக்கரை விதிப்படி அடிமுனையில் வைத்திருந்தார். பக்கத்தில் 'இந்த பிரேக்கரை இடம் மாற்றக் கூடாது' என்று சிவப்புச் சீட்டும் ஒட்டியிருந்தார். அவர் வேலை சுத்தமான வேலை, இதை எழுதிக்கொள்ளுங்கள்.

காலியாக இருந்த இடம் மேலே, மெயினை ஒட்டி. சார்ஜர் கம்பி கீழிருந்து வந்தது, அங்கே எட்ட ஒன்றரை அடி குறைந்துவிட்டது. வேறு கம்பியோடு அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். அதற்கு அவன், "அடுத்த வாரமா? நீ எலெக்ட்ரீஷியனா, பாதிரியாரா? வாரத்துக்கு ஒருநாதான் வேலையா?" என்று சிரித்தான். எனக்கு ரோஷம் வந்தது. சோலார் பிரேக்கரைக் கழற்றி மேலே மாட்டினேன், சார்ஜரைக் கீழே மாட்டினேன்.

தெருக் கரண்டும் சூரியக் கரண்டும் பட்டையின் இரு முனையிலிருந்து வந்தால் பட்டை தாங்கும். இரண்டும் ஒரே பக்கம் ஏறினால் தாங்காது. சோலார் தருவது மெயின் பிரேக்கர் வழியாக வராததால், பட்டை சூடேறினாலும் மெயின் ட்ரிப் ஆகி கரண்டை நிறுத்தாது. இது எனக்குத் தெரியாதது இல்லை.

அதன்பின் சிவப்புச் சீட்டை பிளேடால் கிழியாமல் உரித்து, மேலே புது இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். வேலை ஒழுங்காகத் தெரியட்டும் என்று செய்தேன். சீட்டு பிரேக்கருக்கு உரியது என்று அந்த நேரம் என் புத்திக்குப் பட்டது. அது அந்த இடத்துக்கு உரியது.

ஜூலை 19 மதியம் இரண்டரை மணிக்கு ஏசி, அடுப்பு, துணி உலர்த்தும் இயந்திரம், கார் சார்ஜர் எல்லாம் ஒன்றாக ஓடியிருக்கின்றன. பட்டை சூடேறிப் பெட்டி தீப்பிடித்தது. பெட்டி இருந்த சுவருக்குப் பின்னால்தான் ஹசிந்தோ படுத்திருந்தான். புகை அவனை எழுந்திருக்க விடவில்லை. அவன் மனைவி ஒஃபேலியா கடைக்குப் போயிருந்தாள்.

அதன்பின் தீயணைப்பு அதிகாரிகள் பெட்டி மூடியை எடுத்துப் பார்த்தார்கள். மெயினை ஒட்டி சோலார் பிரேக்கர், பக்கத்தில் பாதி கருகிய சீட்டு. சோலார் நிறுவனத்தை மூடிவிட்டதால் பழைய படங்கள் எதுவும் கிடைக்கவில்லை. பிரேக்கரை அங்கே வைத்தது லுண்ட்கிரென்தான் என்று அவரைக் கைது செய்தார்கள். நான் பேசாமல் இருந்தேன். பதினொரு நாள் இருந்தேன்.

அடக்கத்துக்குப் பின் ஒன்பது நாள் சொல்லும் ஜெபமாலை நேற்று முடிந்ததும் ஒஃபேலியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொம்பாத்ரே, இந்தக் கரண்ட் சங்கதியெல்லாம் எனக்கு விளங்காது. புடிச்சு வச்சிருக்காங்களே, நீ அந்த ஆளப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு. வேணும்னே செஞ்சானா, அவசரத்துல செஞ்சானா?" என்றாள்.

அவசரத்தில்தான். அதை நீங்கள் அவளிடம் சொல்ல வேண்டாம். அனுமதித்தால் நானே போய்ச் சொல்கிறேன்.

மேலே கண்டதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. நீக்கவோ சேர்க்கவோ ஒன்றுமில்லை. யாருடைய வற்புறுத்தலும் இன்றி ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) எஃப்ரேன் சமானியேகோ